டான் ஹர்லி லேக்கர்ஸ் அழைப்பை ஏற்க வேண்டுமா?

அரைவட்டம் | 7 ஜூன் 2024

அனைவருக்கும் வணக்கம். பயிற்சியாளர் டார்வின் ஹேமை மே மாதத் தொடக்கத்தில் பணிநீக்கம் செய்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி, அந்த இடத்துக்கு முன்னாள் ஆட்டக்காரர் ஜேஜே ரெடிக்கைத்தான் கொண்டுவரும் என்று ஏறக்குறைய எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். இந்த வேளையில், கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் டான் ஹர்லியே அவர்களுடைய முதல் தேர்வு என்றும், பெரிய தொகையில் நீண்டகால ஒப்பந்தம் ஒன்றை அவர் முன் வைக்க ஆயத்தமாகிறார்கள் என்றும் நேற்று செய்தி வந்திருக்கிறது.

ஹர்லியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அவருக்கு வயது 51. தந்தை பாப் ஹர்லி, நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆண்டனி என்ற சிறிய பள்ளியின் அணியைப் பல பத்தாண்டுகள் பயிற்றுவித்து, 2010-இல் கூடைப்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றவர். மகனும் பள்ளியிலிருந்துதான் தொடங்கினார். நியூவர்க்கில் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளி, பிறகு வாக்னர் கல்லூரி, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு படியாக ஏறி 2018-இல் கனெக்டிகட்டுக்கு வந்தார். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம் வென்றார். அந்த இரண்டு தேசியத் தொடர்களின் பன்னிரண்டு ஆட்டங்களில் எதிலும் பத்துப் புள்ளிகளுக்குக் குறைவான வித்தியாசத்தில் அவருடைய அணி வெல்லவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அவர் தொழில்முறை அணிகள் ஆடும் என்பிஏவில் ஒரு நாள்கூடப் பணியாற்றியவர் அல்லர். கல்லூரியில் அரசராக இருந்தவர்கள் பெருநகரத் தொழில்முறை அணிக்குப் போய் ஓரிரு ஆண்டுகளில் திரும்பி வந்த கதைகள் ஏராளமாக இருக்கும்போது, இவர் போக வேண்டுமா, போனால் நிலைப்பாரா என்பதே என் கேள்வி. விளையாட்டு அறிவில் இவர்களுக்குக் குறைவில்லை என்றால், வேறு எது இவர்களைக் கவிழ்க்கிறது?

பச்சைச்சட்டை | 7 ஜூன் 2024

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை 1990-களிலிருந்து பின்தொடர்கிறவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் வலிமிகுந்த ஒரு விடை இருக்கிறது. அதன் பெயர் ரிக் பிட்டினோ.

1996-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்த பிட்டினோவை, மறு ஆண்டு பத்தாண்டுகளுக்கு ஐந்து கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் பாஸ்டன் அழைத்து வந்தது. பயிற்சியாளர் பதவியோடு நில்லாமல், அதுவரை அணியின் மூத்த பெருந்தலை ரெட் அவர்பாக்கிடம் இருந்த தலைவர் பட்டத்தையும் அவருக்கே கொடுத்தார்கள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் எந்த வரிசையில் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவுசெய்யும் டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் வந்து, கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கன் கிடைப்பார் என்ற நம்பிக்கையில் வந்தவருக்கு மூன்றாம் இடமும் ஆறாம் இடமும்தான் கிடைத்தன. டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போனார். அது விதி, யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்றாம் இடத்தில் தேர்ந்தெடுத்த சான்சி பில்அப்ஸ் என்ற இளைஞரை முதல் பருவம் முடிவதற்குள்ளேயே டொராண்டோவுக்கு மாற்றிவிட்டாரே, அது முழுக்க முழுக்க அவர் கைவேலை. அதே பில்அப்ஸ் 2004-இல் டெட்ராய்ட்டுக்காக இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியபோது நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனேன். பிட்டினோ 2001 ஜனவரியில் விலகினார். அவருடைய கணக்கு 102 வெற்றி, 146 தோல்வி.

இவருக்குத் தொழில்முறை ஆட்டமே தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1989-இல் இதே மனிதர் நியூயார்க் நிக்ஸ் அணியை 52 வெற்றிகளுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் வேறொருவர் பொறுப்பில் இருந்தன. கல்லூரியில் கிடைத்த முழு அதிகாரம் பாஸ்டனிலும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதுதான் அவரை விழுத்தாட்டியது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர்மாறாகப் பிராட் ஸ்டீவன்ஸைப் பாருங்கள். பட்லர் என்ற சிறிய பல்கலைக்கழகத்தை 2010, 2011 ஆகிய இரு ஆண்டுகளில் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர், 2013-இல் தமது 36-ஆம் வயதில் பாஸ்டனுக்கு வந்தார். முதல் பருவத்தில் 25 வெற்றி, 57 தோல்வி. யாரும் அவரை விரட்டவில்லை, ஏனென்றால் அணியைக் கலைத்துக் கட்டுகிறோம் என்று சொல்லியே அவரை அழைத்திருந்தார்கள், அவரும் அதிகாரம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஏழு பருவங்களும் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி. 2021-இல் பயிற்சியாளர் இருக்கையிலிருந்து எழுந்து நிர்வாகத் தலைவர் இருக்கைக்குப் போனார். நேற்றிரவு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் டல்லஸை அடித்து நொறுக்கிய அணி அவர் கட்டியது.

லேக்கர்ஸ் ஹர்லிக்கு அந்தப் பொறுமையைத் தருமா? 2020-இல் கோப்பை வாங்கித் தந்த ஃபிராங்க் வோகலை 2022-இல் வீட்டுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

ஹார்ட்ஃபோர்டுவாசி | 8 ஜூன் 2024

ஹார்ட்ஃபோர்டில் உள்ள பல தமிழர்களைப் போல நானும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து, கனெக்டிகட் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ் முக்கால் மணி நேரப் பயணம். 1881-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய இடம் என்பது இன்றும் தெரியும். வளாகத்து ஓரத்தில் மாடுகள் மேய்கின்றன, பல்கலைக்கழகப் பால்பண்ணையின் ஐஸ்கிரீம் கடையில் கோடைகாலத்தில் வரிசை நிற்கிறது. அருகில் கடற்கரை இல்லை, திரைநட்சத்திரங்கள் இல்லை. பத்தாயிரம் பேர் அமரும் கேம்பல் அரங்கம் மட்டும் பனிக்காலத்தில் கொதிக்கும்.

அந்த அரங்கில் ஹர்லிக்குப் பின்னால் ஆறாவது வரிசையில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிடங்கள் நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம் ஆட்டக்காரர் ஒருவர் தடுப்பில் ஓர் எட்டு பிந்தினாலும் ஓரக்கோட்டில் குந்தி உட்கார்ந்து கத்துகிறார், உடனே எழுந்து நடுவரிடம் கையை விரிக்கிறார், பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கைகளை உயர்த்துகிறார். பத்தொன்பது வயது மாணவன் அந்தக் கத்தலைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு அடுத்த முறை சரியான இடத்தில் நிற்கிறான். ஏனென்றால் அவனை ஆட்டத்தில் இறக்குவதும் உட்காரவைப்பதும் அவர் கையில் இருக்கின்றன.

ஆண்டுக்கு நான்கு கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் 39 வயது லேக்கர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அப்படிக் குனிவாரா என்று கேட்பது பழகிப்போன கேள்வி. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கடந்த பருவத்தில் ஹர்லியின் அணி 40 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோற்றது. லேக்கர்ஸ் 82 ஆட்டங்களில் 35-இல் தோற்றது, அதை மோசமான பருவம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. இப்போது இறுதித் தொடரில் இருக்கும் பாஸ்டனே 18 முறை தோற்றிருக்கிறது. ராசியான உள்ளாடையை மாற்றாமல் அணிந்துகொண்டு தொடர் முழுவதும் ஆடவைக்கும் அளவுக்குத் தோல்வியை அஞ்சுகிற மனிதர் (இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், நான் கட்டிவிடவில்லை), ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் தோற்று, விமானம் ஏறி, வியாழக்கிழமை வேறொரு நகரத்தில் மறுபடியும் தோற்பதை எப்படித் தாங்குவார்?

அவர் போகக் கூடாது என்பது என் ஆசை. போய்விடுவார் என்பது என் கணிப்பு.

மூன்றாம்கோடு | 8 ஜூன் 2024

மேலே எழுதிய இருவரும் பத்தாண்டுகளுக்கு முந்தைய கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். அந்த அரசாட்சி இப்போது இல்லை.

2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் ஈட்டலாம். இந்த ஏப்ரலில் வந்த விதிமாற்றத்தின்படி, படிப்பில் குறைவில்லாத மாணவர் எத்தனை முறை பல்கலைக்கழகம் மாறினாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும், மாற விரும்பும் மாணவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும்போது பயிற்சியாளர் தம் அணியைத் தாமே மறுபடியும் விலைபேசி வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது பட்டம் வென்ற முதல் ஐவரில் ஸ்டெஃபோன் காசில், டோனவன் கிளிங்கன், டிரிஸ்டன் நியூட்டன், கேம் ஸ்பென்சர் ஆகிய நால்வரும் போகிறார்கள், அலெக்ஸ் கராபன் ஒருவர்தான் திரும்புகிறார். பதினேழு வயதுப் பையன்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெற்றோரிடம் பேசும் வேலையை ஐம்பத்தொரு வயதில் இன்னும் எத்தனை ஆண்டு செய்வது? என்பிஏவில் அந்தத் தொல்லை கிடையாது. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் மூன்று ஆண்டும் அங்கேதான் இருப்பார், அணியாக மாற்றினால் ஒழிய.

மேலும், ஹர்லியின் தாக்குதல் முறையைத் தொழில்முறைப் பயிற்சியாளர்கள் மெச்சுவது வெறும் மரியாதைக்காக அல்ல. பந்து இல்லாத நால்வரும் ஓயாமல் திரையிட்டு (அதாவது, தம் தோழரைத் துரத்தும் எதிராளியை வழிமறித்து நின்று), திரையை விட்டு நழுவி, மறுபடியும் திரையிடுவார்கள். இவ்வளவு அடர்த்தியாக இதைச் செய்யும் அணிகள் என்பிஏவிலேயே குறைவு. அறிவு போதாது என்ற வாதம் இவரிடம் செல்லாது.

ஆனாலும் ஒரு கதையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2019-இல் கிளீவ்லேண்டுக்குப் போன ஜான் பைலைன், ஆட்ட நுணுக்கத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். காணொளி வகுப்பு ஒன்றில் ஆட்டக்காரர்களை ரவுடிகள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பிட்டுவிட்டார். ‘நத்தைகள்’ என்று சொல்ல வந்து வாய்தவறியது என்று மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு அவர் காதில் விழும்படி அந்தச் சொல் வரும் பாடல்களை ஆட்டக்காரர்கள் சத்தமாக ஒலிக்கவிட்டார்கள். 54 ஆட்டங்களோடு அவர் விலகிவிட்டார். கல்லூரியில் இது ஒரு நாள் பேச்சாக முடிந்திருக்கும்.

அரைவட்டம் | 11 ஜூன் 2024

நேற்று ஹர்லி மறுத்துவிட்டார். லேக்கர்ஸ் தர முன்வந்தது ஆறு ஆண்டுகளுக்கு ஏழு கோடி டாலர் என்று செய்திகள் சொல்கின்றன. வெள்ளிக்கிழமை லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறந்துபோய் அணியின் உரிமையாளர் ஜீனி பஸ்ஸையும் பொது மேலாளர் ராப் பெலிங்காவையும் சந்தித்து, வார இறுதி முழுவதும் யோசித்த பிறகு வந்த முடிவு. ஹார்ட்ஃபோர்டு நண்பரின் ஆசை பலித்தது, கணிப்பு பொய்த்தது. இரண்டில் எது நடந்தாலும் அவருக்கு ஒன்று கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு பில்லி டோனவன் நினைவுக்கு வருகிறார். ஹர்லிக்கு முன்னால் கடைசியாக இரண்டு பட்டங்களை அடுத்தடுத்து வென்றவர் அவர்தான், ஃபுளோரிடாவில், 2006-இலும் 2007-இலும். அதே கோடையில் ஆர்லாண்டோ மேஜிக் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, செய்தியாளர் கூட்டமும் முடிந்தபின், சில நாள்களிலேயே மனம் மாறினார். ஐந்து ஆண்டுகளுக்கு என்பிஏ பக்கம் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டபின்தான் அவரை விடுவித்தார்கள். கடைசியில் 2015-இல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார், 2020-இல் சிகாகோவுக்கு மாறினார். ஹர்லி கையெழுத்துக்கு முன்பே தம் மனத்தை அறிந்துகொண்டார் என்ற அளவில் கெட்டிக்காரர்.

பச்சைச்சட்டை | 9 ஜூலை 2024

இந்த இழையை முடித்துவைக்க இரண்டு செய்திகள். கனெக்டிகட் ஹர்லிக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஐந்து கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. சென்ற ஆண்டு எழுதிய ஒப்பந்தம் மூன்று கோடியே இருபது லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது. ஆகவே லேக்கர்ஸ் அழைப்பு அவருக்கு வெறுங்கையோடு போகவில்லை. தொழில்முறைப் பணியின் நிலையாமைக்கும் இடையில் ஒரு சான்று வந்தது. சென்ற ஆண்டு ஆறு ஆண்டுகளுக்கு ஏழு கோடியே எண்பத்தைந்து லட்சம் டாலருக்கு மான்டி வில்லியம்ஸைப் பயிற்சியாளராக அழைத்து வந்த டெட்ராய்ட், ஒரே பருவத்தில் அவரை அனுப்பிவிட்டது.

லேக்கர்ஸ் கடைசியில் ரெடிக்கிடமே போய்ச் சேர்ந்தது. தம் பிள்ளைகளின் சிறுவர் அணியைத் தவிர எந்த அணியையும் பயிற்றுவித்திராதவர், லெப்ரானோடு சேர்ந்து ஒலியோடை நடத்தியவர். இதை யாரும் இங்கே குறிப்பிடாததால் நான் சொல்கிறேன். 2004-இல், பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் விலகியதும், இதே லேக்கர்ஸ் டியூக் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியை ஐந்து ஆண்டுகளுக்கு நான்கு கோடி டாலர் என்று சொல்லி அழைத்தது. லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரயன்ட்டும் அவரை விரும்பினார். அவரும் சில நாள்கள் யோசித்தார். போக வேண்டாம் என்று மாணவர் ஒருவர் எழுதிய மின்னஞ்சல் அவரை உலுக்கியது என்று அப்போது செய்தி வந்தது. அவர் டியூக்கிலேயே இருந்துவிட்டார். ‘கோச் போவாரா மாட்டாரா’ என்று அந்த வாரம் காத்திருந்த டியூக் அணியில், கல்லூரியில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மிச்சமிருந்த, இருபது வயது ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜேஜே ரெடிக்.