விக்டோரியா ராணி ஸ்டாம்ப்: கையில் பட்ட போலிகளைச் சொல்லுங்கள்

சிவப்புப்பென்னி:
பென்னி ரெட், அதாவது ஒரு பென்னிச் சிவப்பு ஸ்டாம்ப், ப்ளேட் (அச்சுத்தகடு) 77 என்று ஒருவர் காட்டியது. 77 என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ப்ளேட் சரிப்படவில்லை என்று ஒதுக்கியும் எப்படியோ கொஞ்சம் வெளியே போய்விட்டது, இன்று விரல் விட்டு எண்ணலாம். லண்டனில் ஒரு ஸ்டாம்ப் சந்தை. வயதானவர், அப்பாவின் ஆல்பம் என்றார். லென்ஸ் வைத்தேன். இடது ஓரப் பின்னலில் 77 இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. அதற்கு முன்னால் கோடுகள் மழுங்கி, தாள் நார் நாராக எழும்பியிருந்தது. 177-இல் இருந்த ஒன்றைச் சுரண்டியிருக்கிறார்கள். சரி, வலது பக்கமும் எண் இருக்க வேண்டுமே என்று பார்த்தால் அங்கே தபால் முத்திரை மை அப்பிக்கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் போதும் என்று, மறுபக்கம் மறைந்த ஸ்டாம்பாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான் பாவி! அந்தப் புத்திதான் இன்னும் மண்டையைக் குடைகிறது. சொன்னதும் பெரியவர் மறுபேச்சில்லாமல் ஆல்பத்தை மூடிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா?

வெள்ளவத்தை:
எங்களுடையது சிலோன் கதை. 1859 நாலு பென்ஸ், மங்கிய ரோஜா நிறம். பெரியப்பாவிடம் ஒருவர் கொண்டுவந்தார், நாலு பக்கமும் ஓரத்தோடு, கிழிப்பதற்கான ஓட்டை வரிசை இல்லாதது. விலையைக் கேட்டதும் பெரியம்மா தேநீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அந்த ஸ்டாம்பின் சட்டம் எட்டுமூலை என்பது தெரியும்தானே. அந்தக் காலத்தில் சட்டத்தை ஒட்டியே கத்தரித்து ஒட்டினவர்கள் நிறையப் பேர், அப்படி வெட்டியதற்கு மதிப்புக் குறைவு. பெரியப்பா ஒன்றும் பேசாமல் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்துப் பென்சைனில் (சீக்கிரம் ஆவியாகும் பெட்ரோலியத் திரவம்) இரண்டு துளி விட்டார். தாளுக்குள் பதிந்த நட்சத்திர வாட்டர்மார்க் (நீர்க்குறி) அழகாக எழுந்தது. வந்தவர் சிரித்தார். அடுத்த நொடி நாலு மூலையிலும் சாய்வாக ஒரு கருங்கோடு. நாலு முக்கோணத் துண்டை ஒட்டிச் சதுரமாக்கியிருக்கிறார்கள். வாட்டர்மார்க் அசல், முகம் அசல், மூலை மட்டும் வேறு தாள். வந்தவருடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

லண்டன்காரன்:
77 காரருக்கு: லென்ஸ் எல்லாம் வேண்டாம், முத்திரையில் தேதி தெரிந்தால் அதுவே போதும். 77 ப்ளேட் 1860-களின் ஆள், 177 புழக்கத்துக்கு வந்தது 1870-களில். அப்புறம், எல்லாரும் போலி என்றாலே குப்பை மாதிரிப் பேசுகிறீர்கள். நான் ஓர் ஏலப் பார்வை நாளில் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போலியைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஷில்லிங் பச்சை, ப்ளேட் 5. லண்டன் பங்குச்சந்தைத் தபால் நிலையத்தில் 1872, 73-இல் தந்திப் படிவத்தில் ஒட்டியது. ஒட்டுவது குமாஸ்தா, வாடிக்கையாளர் ஸ்டாம்பைத் தொடுவதே இல்லை, அதனால் தினமும் பணம் அவன் பைக்குள் போனதாகச் சொல்வார்கள். 1898-இல் ஸ்டாம்ப் வியாபாரி சார்ல்ஸ் நிசென் பழைய படிவங்களைப் புரட்டும்போதுதான் வெளியே வந்தது. வாட்டர்மார்க்கே கிடையாது. அதைவிட, அந்தத் தாளில் குறுக்கே 12 ஸ்டாம்ப், ஆகவே குறுக்கே எத்தனையாவது இடம் என்று காட்டும் கீழ் வலது மூலை எழுத்து, பன்னிரண்டாவதான எல்-ஐத் தாண்டக்கூடாது. போலிகளில் பலவற்றில் தாண்டியிருக்கும். இல்லாத இடத்து ஸ்டாம்பை 26 வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை! ஆள் கடைசிவரை பிடிபடவில்லை. இன்று அசலைவிடப் போலிக்கு விலை பல மடங்கு அதிகம்.

தபால்தாத்தா:
என்னிடம் ஒருவர் 1883 லைலாக் (இளம் ஊதா)-பச்சை வரிசையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தார். பச்சை போய் அழுக்கு மஞ்சள் ஆகியிருந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இளையவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மை வேண்டுமென்றே கரையும்படி செய்தது. முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டக்கூடாது என்பதற்காக. அதனால் விக்டோரியா லைலாக், பச்சை எதையும் தண்ணீரில் போடாதீர்கள். நிறம் வெளிறியிருந்தால் 'அரிய நிற வேறுபாடு' என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள், பெரும்பாலும் வாளி வேறுபாடுதான். 1881 பென்னி லைலாக்கில் மூலைக்கு 14 புள்ளியா 16 புள்ளியா என்று எண்ணுங்கள், 14 என்றால்தான் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பென்னி பிளாக், அந்தக் கறுப்பு ஒரு பென்னி ஸ்டாம்ப், வாங்கப்போனால் முதலில் நாலு பக்க ஓரத்தையும் முதுகிலிருந்து பாருங்கள், ஓர் ஓரம் மட்டும் பிற்பாடு ஒட்டியதாக இருக்கலாம். ஓட்டையில்லாத ஸ்டாம்ப் என்று யாராவது நீட்டினால் அதே வகையில் ஓட்டையுள்ள ஒன்றை மேலே வைத்து அளந்து பாருங்கள். அகலம் குறைந்தால் பல்லை வெட்டியிருக்கிறார்கள். பென்சைனை அடுப்படியில் திறக்காதீர்கள். லண்டன் ராயல் பிலாட்டெலிக் (ஸ்டாம்ப் சேகரிப்போர்) சொசைட்டியின் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். சான்றிதழின் படத்தில் உள்ள முத்திரையும் கையில் உள்ள முத்திரையும் ஒன்றுதானா என்றும் பாருங்கள், ஏனென்றால்...

சிவப்புப்பென்னி:
தாத்தா, அனுபவம் கேட்டோம், பாடம் கேட்கவில்லை :) லண்டன்காரரே, நான் பார்த்ததில் முத்திரை வெறும் கோடுகளும் நடுவில் ஊர் எண்ணும், தேதி எங்கே தேடுவது?

மவுண்ட்ரோடு:
வெள்ளவத்தை கதையில் வாட்டர்மார்க் வந்ததும் அந்த ஆள் சிரித்தாரே, அங்கேதான் பலரும் விழுகிறார்கள். பிரான்சில் ழான் டி ஸ்பெராட்டி மலிவான அசல் ஸ்டாம்பை எடுத்துப் படத்தை மட்டும் வெளுத்துவிட்டு, அதே தாளில் விலையுயர்ந்த படத்தை அச்சடித்தவர். வாட்டர்மார்க், பல், சில சமயம் முத்திரைகூட அசல். 1954-இல் பிரிட்டிஷ் பிலாட்டெலிக் அசோசியேஷன் என்ற ஸ்டாம்ப் சங்கம் அவருடைய சரக்கையே விலைகொடுத்து வாங்கி வாயை அடைக்க வேண்டியதாயிற்று.

இந்தியா 1854-க்கு வாருங்கள், அங்கே விஷயம் தலைகீழ். கிழக்கிந்தியக் கம்பெனி சின்னம் முழுத்தாளுக்கும் ஒரே வாட்டர்மார்க், அதனால் பல ஸ்டாம்பில் ஒன்றுமே தெரியாது. தெரியவில்லை என்று அசலை எறிந்தவர்களும் உண்டு.

நான் பார்த்தது நாலணா, தலை கவிழ்ந்தது என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்தது. கல்கத்தாவில் கல்லச்சில் முதலில் சிவப்புச் சட்டம், பிறகு நீலத் தலை. தாளைத் திருப்பி வைத்ததால் வந்த பிழை. இதுவும் எட்டுமூலையாக வெட்டியது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கிடைத்தவற்றில் பெரும்பாலும் அப்படித்தான். லென்ஸில் ராணியின் கழுத்துக்குக் கீழே, இருக்கக்கூடாத இடத்தில், வெளிறிய நீலத்தில் ஒரு நெற்றி. பழைய தலையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கவிழ்த்து வரைந்திருக்கிறார்கள், துடைத்தது முழுதாகப் போகவில்லை. ஒரே ஸ்டாம்பில் ராணிக்கு ஒன்றரைத் தலை.

வெள்ளவத்தை:
அண்ணை, துடைத்த இடம் புற ஊதா விளக்கில் தெரிந்திருக்குமே, பிடித்துப் பார்க்கவில்லையா?

மவுண்ட்ரோடு:
விளக்கை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆளும் இல்லை, ஸ்டாம்பும் இல்லை. என் லென்ஸையும் எடுத்துப் போய்விட்டார்.