தண்ணிக்குள்ளேயும் வெக்கை

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து:

கோடை வெக்கை உங்களை எப்படித் தாக்கியது என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். மாடி கொதிப்பதையும் ராத்திரி கரண்ட் போவதையும் பலர் எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது கடலுக்குள் நடந்தது.

என் அம்மா கடல்பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முப்பது வருஷமாக மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுக்கிறார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல் கிழியாமலிருக்கத் துணிச்சுற்று, காலில் கட்டிய தட்டு, இடுப்பில் வலைப்பை. இவ்வளவுதான் அவருடைய தொழில் சாமான். கரையில் வெயில் எப்படிக் கொளுத்தினாலும் "எனக்கென்ன, முங்கிட்டா குளுகுளுன்னு இருக்கும்" என்பார்.

2024 ஏப்ரலில் ஒருநாள் பாதிப் பையோடு திரும்பி வந்தார். "தண்ணி சுடுது. கஞ்சி வடிச்ச மாதிரி வெதவெதன்னு கிடக்கு" என்றார். முங்கி எழுந்தால் தலைவலி, மூச்சுப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் மெதுவாக, "பார் வெளுத்துக் கிடக்கு" என்றார். பவளத்திட்டை எங்கள் பக்கம் பார் என்றுதான் சொல்வோம். மான்கொம்புப் பவளம் கண்ணுக்கெட்டிய வரை சுண்ணாம்பு அடித்தது போல் இருந்ததாம். விரல் நுனியால் தொட்டுப் பார்த்திருக்கிறார். "மேல கொழகொழப்பு இருக்கு. அப்ப உசுரு இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பவளம் கல் இல்லை, சின்னச்சின்ன உயிர்களின் கூட்டம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறம் கொடுப்பதும், பெரும்பகுதி சாப்பாடு போடுவதும் அவைதான். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தாலே போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு கண்ணாடி மாதிரியான சதை வழியாக வெள்ளை எலும்பு தெரியும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். குளிராவிட்டால் பட்டினிதான். எங்கள் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று முன்பே வெளுத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உலகக் கடல்களில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னதும் அதே மாதம்தான்.

மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் தாங்களாகவே தொழிலை நிறுத்திக்கொள்வார்கள். விசைப்படகுகளுக்கும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. அதனால் ஜூன் பாதிக்குப் பிறகுதான் அம்மா மறுபடி போனார். கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்துத் தண்ணீர் குளிர்ந்திருந்தது. வந்ததும், மான்கொம்புப் பவளம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெள்ளை இல்லை" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தில் அது இல்லை. "கருத்துப் போச்சு. மேல பூசணம் மாதிரி ஒரு பாசி. நமக்கு ஆகாத பாசி. தட்டுக்காலை வைச்சா மொறுமொறுன்னு நொறுங்குது." அந்தக் கிளைகளுக்கு நடுவே பதுங்கும் ஓரா மீனையும் கிளிமீனையும் அன்றைக்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லையாம். அன்றிரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து:

அக்கா, படித்ததும் என் பெரியம்மா நினைவுதான் வந்தது. உப்பளத்தில் உப்பு வாருகிறார். கோடையில் விடியற்காலை மூன்று மணிக்கே டார்ச்சோடு போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் மேலே சூரியன், கீழே உப்பின் வெள்ளை, இரண்டு பக்கமும் கண்ணைச் சுடும். ஒதுங்கக் கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெரியம்மா தண்ணீரே குடிக்க மாட்டார். போன கோடையில் நீர்க்கடுப்பு முற்றி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கடலோரத்தில் 37 டிகிரியையாவது தொட்டு, அதுவும் இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறைக் கணக்கில் வெப்ப அலை. ஆனால் எங்கள் காற்றில் ஈரம் அதிகம். 35 டிகிரியிலேயே வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. பெரியம்மாவுக்கு மயக்கம் வந்த நாட்களில் பாதி அந்தக் கணக்கில் வராத நாட்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்லதுதான். உயிரோடு இருக்கும்போதே பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையும், கழிப்பறையும், ஒரு பானைத் தண்ணீரும் வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

வெயில் அடித்தால் உப்பாவது விளையுமே என்பார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது யாருக்கும் மறந்திருக்காது. குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது, வரப்பு உடைந்தது, பாத்தியில் சேறு ஏறியது. மறுபடி பாத்தியைச் சீர்செய்து முடிக்கும் வரை பெரியம்மாவுக்குக் கூலி இல்லை.

அக்கா, செத்த பார் திரும்ப வருமா?

ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து:

தம்பி, பெரியம்மாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லு என்று எழுத வந்தேன். ஒதுங்க இடமில்லாமல் எப்படிக் குடிப்பார் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது.

பார் வரும், ஆனால் நாளாகும். உங்கள் ஊரில் உள்ள கடல் ஆராய்ச்சியாளர்களே உயிருள்ள பவளக் கிளைகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி இந்த வளைகுடாவில் நட்டு வருகிறார்கள். கிளைப் பவளம்தான் முதலில் சாகிறது, உருண்டையாக இருப்பவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்த ஒரு உருண்டைப் பவளம் இருக்கிறது, மாட்டுத்தொட்டி அகலம். அவர் கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அங்கேயே இருக்கிறதாம். ஜூனில் அதன் உச்சி மட்டும் வெளுத்திருந்தது, பக்கமெல்லாம் பழுப்பு. ஒவ்வொரு முறை முங்கும்போதும் அந்த வெள்ளையின் ஓரத்தில் கைவிரலை வைத்து அளந்துவிட்டு வருகிறார். போன வாரம் நாலு விரல் இருந்தது.