அமிகா 1200: ஆன் செய்ததும் சிஎஃப் கார்டு தெரியவில்லை

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது கமடோர் அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கணினி; அதன் ரோம் சிப்பில் உள்ள தொடக்க மென்பொருள் கிக்ஸ்டார்ட் 3.0. உள்ளேயுள்ள 44 பின் ஐடிஇ-யில் (ஹார்டு டிஸ்க் மாட்டும் இணைப்பு) அடாப்டர் போட்டு 4 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டு மாட்டியிருக்கிறேன். பொங்கலிலிருந்து ஒரே தொல்லை.

சுவிட்சைப் போட்டால் டிரைவ் லைட் ஒரு தரம் மின்னும். அப்புறம் பிளாப்பி போடச் சொல்லும் படத்திலேயே நின்றுவிடும். கண்ட்ரோலோடு இரண்டு அமிகா கீயையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால் வொர்க்பெஞ்ச் (அமிகாவின் டெஸ்க்டாப் திரை) சமர்த்தாக வந்துவிடுகிறது! ஃபைல்களும் பத்திரமாக இருக்கின்றன. அதனால் பார்ட்டிஷன் மேல் எனக்குச் சந்தேகமில்லை.

வேறு கம்பெனி கார்டு, வேறு அடாப்டர், குட்டைக் கேபிள், எதுவும் பலிக்கவில்லை. ஒரே தடவையில் எவ்வளவு டேட்டா படிக்கலாம் என்ற வரம்பான மேக்ஸ்டிரான்ஸ்ஃபரைக் குறைத்தும் பார்த்தாயிற்று. காட்பாடியில் போர்டு வேலை பார்ப்பவரிடம் கொடுத்துக் கசிந்த கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட்டேன்.

கார்டு தயாராகும்வரை ஆன் செய்ததும் தானாக நடக்கும் முதல் ரீசெட்டைத் தாமதப்படுத்த யாராவது வழி செய்திருக்கிறீர்களா?