மீட்டெடுத்த தெருநாய்க்குட்டிகளைத் தத்து கொடுக்கும்வரை வளர்ப்பது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருமுனையில் குட்டி ஈன்றிருந்த நாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. மழைநீர் வடிகாலின் ஓரத்தில் தாயில்லாமல் கிடந்த மூன்று குட்டிகளை நானும் என் மகளும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறோம். ஒன்று ஆண், இரண்டு பெண். கண் நன்றாகத் திறந்து, தட்டுத்தடுமாறி ஓடுகின்றன. ஐந்து வாரம் இருக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பதால் மூன்றையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இயலாது. நல்ல குடும்பங்கள் அமையும்வரை வளர்த்து, நோயில்லாமலும் வீட்டுக்குப் பழகிய நிலையிலும் ஒப்படைக்க விரும்புகிறோம்.

பசும்பால் கொடுத்ததிலிருந்து மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு இருக்கிறது. வேறு எதைக் கொடுப்பது? எந்த வயதில் தத்து கொடுப்பது சரியாக இருக்கும்? தடுப்பூசிகள் முடியும்வரை யாரிடமும் காட்டாமல் வைத்திருக்க வேண்டுமா? குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் நாய்க்குட்டிகளை உள்ளே வைக்கக் கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பல ஆண்டுகளாக ஃபாஸ்டர் செய்துவருபவர் (தத்து போகும்வரை குட்டிகளைத் தற்காலிகமாக வளர்ப்பவர்), கோயம்புத்தூர்

வணக்கம் சகோதரி. முதலில் பாலை நிறுத்துங்கள். நாயின் பாலைவிடப் பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை மிகுதி. அதனால்தான் குட்டிகளுக்குப் பேதியாகிறது. ஐந்து வாரக் குட்டிக்குப் பல் முளைத்திருக்கும் என்பதால் குழைய வேகவைத்த சோற்றுடன் எலும்பில்லாத கோழிக்கறியை மசித்து, உப்பும் காரமும் இல்லாமல், ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது, ஏனெனில் எலும்பு வளரத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதில் சரியான அளவில் இருக்கும். மீந்துபோன சாம்பார் சாதத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை.

அடுத்ததாக, உங்களுக்கு இப்போது இருக்கும் மிகப் பெரிய ஆபத்து, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ். தெருவில் பிறந்த குட்டி நோய்க்கிருமியை ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் சில நாட்கள் துள்ளி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களாகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே முதல் 14 நாட்களுக்கு இவற்றை ஒரே அறையில் வைத்து, வேறு நாய்களை நெருங்க விடாமல், அந்த அறைக்கென்று தனிச் செருப்பும் தனித் துணியும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டி திடீரென்று சோர்ந்து படுத்து, உணவை மறுத்து, வாந்தி எடுத்தாலோ, கடும் நாற்றத்துடன் இரத்தம் கலந்து மலம் கழித்தாலோ, மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மலத்தைக் கொண்டு சில நிமிடங்களில் நோயைக் கண்டறியும் சோதனை இருக்கிறது; உடனே குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றினால் பல குட்டிகள் பிழைத்துவிடும். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும்.

தரையைத் துடைக்க நம் வீடுகளில் ஃபினாயில்தான் பயன்படுத்துகிறோம். பார்வோ வைரஸை அழிப்பதற்கு அதை நம்ப முடியாது. சோப்பு நீரால் அழுக்கை நன்றாகக் கழுவிய பிறகு, கடையில் கிடைக்கும் பிளீச் திரவத்தில் ஒரு பங்கை 30 பங்கு தண்ணீரில் கலந்து தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டிகளை வெளியே கொண்டுபோகாமலும், வருவோர் போவோர் கையில் கொடுக்காமலும் இருப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

பதில்: கால்நடை மருத்துவர், சேலம்

மேலே சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

வயதைப் பல்லைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். முன்பற்கள் மூன்று, நான்கு வாரங்களில் எட்டிப் பார்க்கத் தொடங்கும். ஏறக்குறைய எட்டு வாரத்தில் 28 பால்பற்களும் வந்துவிடும். நோஞ்சான் குட்டிகளின் உருவத்தை வைத்துச் சொன்னால் வயது குறைவாகத் தோன்றும், தடுப்பூசிக் கணக்கும் தவறிவிடும்.

குடற்புழு மருந்தை இந்த வாரமே கொடுக்க வேண்டும். உருண்டைப்புழுவின் இளம்பருவம் தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் சென்றுவிடுவதால், தெருவில் பிறந்த குட்டி எதையும் தின்பதற்கு முன்பே புழுவுடன் பிறக்கிறது. உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுப்பது வழக்கம். குட்டியின் எடைக்கு ஏற்ப மருந்தின் அளவு மாறும் என்பதால் சமையலறைத் தராசில் எடை பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அந்த எடையை நாள்தோறும் குறித்து வந்தால் வேறொரு பயனும் உண்டு: எடை கூடாமல் நிற்கும் குட்டி நோய்வாய்ப்படப் போகிறது என்பது, மற்ற அறிகுறிகளுக்கு முன்பே பல நேரங்களில் தராசில் தெரிந்துவிடும். உண்ணிக்குப் பெரிய நாய்க்கு வாங்கிய மருந்தைக் குட்டிக்குப் பூசக் கூடாது.

பார்வோ, டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்புகளையும் தாக்கும் வைரஸ் நோய்) முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் நிறைவடையும்வரை தொடர்ந்து போட வேண்டும். ஒரே ஊசியுடன் நிறுத்த முடியாததற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியின் வேலையை அது கெடுத்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாவது மாதம் நிறைவடைந்ததும் போடப்படும்.

வெறிநோயைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குட்டிதானே, பால்பல்தானே என்று கீறலை அலட்சியம் செய்பவர்கள் பலர். தெருவில் வெறிநாய் கடித்த குட்டிக்கும் நோய் வரும், அது மனிதருக்கும் பரவும். பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. தொடர்ந்து குட்டிகளை மீட்டு வளர்க்கப் போகிறீர்கள் என்றால், நீங்களும் உங்கள் மகளும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

உடனடி உதவிக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். தனியார் மருத்துவமனைகளைவிட அங்கே செலவு மிகக் குறைவு.

பதில்: நாய்ப் பயிற்சியாளர், புதுச்சேரி

கோயம்புத்தூர் நண்பர் சொன்ன முதல் 14 நாள் தனிமையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதன்பின் 16 வாரம் வரை யாரிடமும் கொடுக்காமல் அறைக்குள்ளேயே வைத்திருப்பதை மட்டும் ஏற்க இயலாது. பார்வோவிலிருந்து காப்பாற்றி வளர்த்த குட்டி, மனிதரைக் கண்டு நடுங்கும் நாயாகிவிட்டால் அதற்கு வீடு கிடைப்பது மிகவும் கடினம்.

நாய்க்குட்டி தன்னைச் சுற்றியுள்ள உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் நடந்து 1961இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியிட்ட வெளியில் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் எடுத்துப் பழக்கினார்கள். பதினான்கு வாரம் வரை யாரும் தொடாத குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குகளைப்போல் மனிதரை விட்டு விலகியே இருந்தன. உங்கள் குட்டிகள் ஐந்து வாரத்தில் வந்திருக்கின்றன. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி உங்கள் வீட்டில்தான் கழியப் போகிறது.

வெளியே தரையில் இறக்கிவிடாமலே இதைச் செய்ய முடியும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் சென்றதும், கைகால் கழுவிவிட்டு வரும் உறவினர்கள், பள்ளிப் பிள்ளைகள், கோலூன்றி நடக்கும் பெரியவர்கள், ஹெல்மெட் அணிந்தவர்கள் என்று பலவகையானவர்களிடம் குட்டிகளைப் பழக விடுங்கள். உங்கள் வீட்டில் பெண்கள் மட்டுமே இருந்தால் ஆண்களை வலிய வரவழையுங்கள், ஏனெனில் ஆண்குரல் கேட்டாலே பதுங்கும் நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிக்சி, குக்கர் விசில், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் ஓசை தொலைவில் கேட்கும்போது ஏதேனும் தின்னக் கொடுங்கள். பட்டாசுச் சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, குட்டி கவலையின்றி விளையாடிக்கொண்டிருந்தால் மட்டும் சிறிது கூட்டலாம். கூடையில் வைத்து மடியில் ஏந்தியபடி ஆட்டோவில் ஒரு சுற்று சென்று வருவதில் தவறில்லை.

காதைத் திருப்பிப் பார்ப்பது, வாயைத் திறப்பது, பாதத்தைப் பிடிப்பது ஆகியவற்றுக்கு நாள்தோறும் ஒரு நிமிடம் பழக்கினால் பிற்காலத்தில் மருத்துவரும் வளர்ப்பவரும் உங்களை வாழ்த்துவார்கள். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் பால்கனியில் விரித்த செய்தித்தாளுக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே சிறுநீரோ மலமோ கழித்தவுடன் பாராட்டுங்கள், தவறிய இடத்தில் மூக்கைத் தேய்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். மூன்றும் ஒன்றாகவே இருந்து பழகியவை என்பதால், ஏழு வாரத்திற்குப் பிறகு ஒவ்வொன்றையும் சிறிது நேரம் தனியாக வைத்துப் பழக்குங்கள். தத்து போன முதல் இரவில் அழுது ஊரைக் கூட்டும் குட்டியை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து விடுபவர்கள் உண்டு.

எட்டு வாரத்திற்கு முன் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கடியின் வேகத்தை அடக்கிக்கொள்ள ஒரு குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்த குட்டிகளிடம்தான்.

பதில்: குடியிருப்போர் சங்க உறுப்பினர், திருச்சி

சங்கத்தின் ஆட்சேபம் குறித்து மட்டும் சொல்கிறேன். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்சிட்டுச் செயலாளரிடம் பணிவுடன் கொடுங்கள். ஆனால் வாடகை ஒப்பந்தம் வேறு விஷயம். வீட்டு உரிமையாளரிடம் நேரில் பேசி, எத்தனை மாதம் என்றும் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குட்டிகளை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். ஐந்தரை வாரம் என்றார், புழு மருந்தும் கொடுத்தார். பால் நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. இப்போது வேறொரு கவலை. ஆண்குட்டியைக் கேட்டு நால்வர் வந்துவிட்டார்கள், அவர்களில் ஒருவர் கிடங்கில் இரவுக் காவலுக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார். பெண்குட்டிகளை யாருமே கேட்கவில்லை. விளம்பரத்தில் லாப்ரடார் கலப்பு என்று போட்டால் உடனே போய்விடும் என்று ஒருவர் யோசனை கூறுகிறார். என்ன செய்வது?

பதில்: தத்து முகாம்களில் பணியாற்றும் தன்னார்வலர், சென்னை

அம்மா, அந்த யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். லாப்ரடார் என்று நம்பி வாங்கிச் செல்பவர் ஆறாவது மாதத்தில் நாட்டு நாயைக் காண்பார். ஏமாற்றத்தின் விலையை அந்த நாய்தான் தெருவில் நின்று கொடுக்கும். நாட்டு நாய்க்குட்டி, வளர்ந்தால் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும், இன்னின்ன ஊசி போட்டாயிற்று, இந்தக் குட்டி துறுதுறுப்பானது, அந்தக் குட்டி மடியை விட்டு இறங்காது என்று உண்மையை எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில், நீங்கள் தரையில் அமர்ந்து, குட்டியின் கண்மட்டத்தில் எடுத்த படம் போதும். நம் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய, எளிதில் நோய்வாய்ப்படாத இனம் என்பதைத் தயங்காமல் பெருமையாகவே சொல்லலாம்.

பெண்குட்டிகளை மக்கள் ஒதுக்குவதற்குக் காரணம் குட்டி போட்டுவிடும் என்ற அச்சம் ஒன்றுதான். அதற்குத் தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சை. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் என்னும் விலங்குநல அமைப்பு 1964 முதலே தெருநாய்களுக்கு இதைச் செய்து வருகிறது என்றால், இது புதியதோ அஞ்சத்தக்கதோ அன்று என்பது விளங்கும். வழக்கமாக ஆறாவது மாதத்தையொட்டிச் செய்வார்கள். அந்தப் பொறுப்பை நாங்களே ஏற்று முடித்துத் தருகிறோம் என்று விளம்பரத்தில் எழுதுங்கள். விசாரிப்பவர்களின் எண்ணிக்கை கூடுவதை நான் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

கிடங்குக்காரருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆளில்லாத இடத்தில் இரவெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய் உங்கள் உழைப்பு முழுவதையும் சில வாரங்களில் இழந்துவிடும். நியாயமற்ற நேரத்திற்கு நாயைக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், பசியில் வாடும்படி கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை விசாரிக்க வருபவர்கள் அனைவரிடமும் சொல்லுங்கள்.

யாராக இருந்தாலும் அவர்களுடைய வீட்டுக்கு ஒரு முறை நேரில் செல்லுங்கள். வீட்டில் உள்ள பாட்டி முதல் வேலைக்கு வரும் அம்மா வரை எல்லோரிடமும் பேசினால், நாயை உண்மையில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், யாருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்துவிடும். வாடகை வீடா, உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா, ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவார்கள், மாடிக் கைப்பிடிச் சுவரின் இடைவெளியில் குட்டி நுழையுமா என்பதையெல்லாம் கேட்கவும் பார்க்கவும் கூச்சப்படாதீர்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கேட்பவர்களுக்கு, குடும்பத்துடன் வந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள் என்று பதில் தாருங்கள். விருப்பமுள்ளவர்கள் திரும்பி வருவார்கள். இரண்டு பெண்குட்டிகளையும் ஒரே வீட்டில் கேட்டால் மகிழ்ச்சிதான் என்றாலும், இரண்டையும் தனித்தனியே பழக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் அடையாளச் சான்றின் நகலுடன் எழுத்து உறுதிமொழி வாங்குங்கள். மீதமுள்ள தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடுவது, கருத்தடைக்குக் கொண்டுவருவது, வளர்க்க இயலாத நிலை ஏற்பட்டால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தருவது ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையையும், இதுவரை தின்று பழகிய உணவில் ஒரு வாரத்திற்கானதையும் சேர்த்துக் கொடுத்தால் புது வீட்டில் வயிறு கெடாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். முதல் வாரத்தில் நீங்களே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். சிக்கல் இருந்தாலும் பலர் தாமாகச் சொல்லத் தயங்குவார்கள்.