சின்ன ஓவனில் கேக் மேலே கருகுது, நடுவில் வேகலை: வழி சொல்லுங்க

சமையலறை சுருங்கியதில் மேடை இடத்தைச் சமாளிச்சாச்சு, சிங்க் மேல் பலகை போட்டால் மாவு பிசையலாம். 20 லிட்டர் ஓடிஜிதான் (மேலும் கீழும் சூட்டுக் கம்பி உள்ள சின்ன மின் ஓவன்) சிக்கல்.

9 அங்குல டின் அளவை 7 அங்குலத்துக்கு மாற்ற எல்லாப் பொருளும் 60 சதவீதம். 7×7=49-ஐ 9×9=81-ஆல் வகுத்த கணக்கு. டின்னில் மூன்றில் இரண்டு பங்குதான் மாவு. 180 டிகிரியில் 25 நிமிஷத்திலேயே உச்சி கறுத்து வெடிக்குது. குச்சியில் ஈரமாவு ஒட்டுது. மேல் கம்பி டின்னுக்கு 5 செ.மீ. தூரம்கூட இல்லை, காரணம் அதுதான்.

கீழ்த்தட்டு, 165 டிகிரி, 20-ஆவது நிமிஷம் ஃபாயில் என்று மாற்றினால் கருகலை, ஆனால் நடு அமுங்கிடுது. நடு இறுகும் முன்னே கதவைத் திறப்பதாலா? சின்னப் பெட்டியில் சூடு சட்டென்று இறங்கிடுமே.

கீழ்க் கம்பியில் மட்டும் வேகவைக்கிறவங்க தட்டின் உயரம், டிகிரி, நிமிஷம் மூன்றையும் சேர்த்து எழுதுங்க, ப்ளீஸ்.