கீழ பாக்காட்டி விழமாட்டாராம்! உங்களுக்குச் சலிக்காத காட்டூன் பகிடி எது?

முறிகண்டிக்கச்சான்:
மருமோனோட இருந்து ரோட் ரன்னர் காட்டூன் பாத்துக்கொண்டிருக்கிறன். ரோட் ரன்னர் எண்ட பறவையைத் துரத்துற அந்தக் கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு மிருகம்) மலை விளிம்பு தாண்டியும் ஓடிப்போய் அந்தரத்தில நிண்டு, காலால காத்தைத் தடவிப் பாத்து, பிறகு எங்களை ஒரு பார்வை பாக்குமே, பெடியன் அதுக்கே விழுந்து விழுந்து சிரிக்கிறான், அது விழேக்க சிரிப்பில்லை. கிளிநொச்சிப் பெடியன், அவன் கண்ட உயரம் இரணைமடுக் குளக்கட்டு தான், பிறகு எப்பிடி உது விளங்குது? உங்களுக்குப் பிடிச்ச பகிடி எது, சொல்லுங்கோ.

பாலைப்பழம்:
மலை என்னத்துக்கு அண்ணை, பாலைமரத்தில ஏறி நிக்கேக்க கொப்பு ‘நெறுக்’ எண்டுமே, அந்தக் கணம் தெரிஞ்சாக் காணும் 😄
பகிடியே அந்த இடைவெளிதான். செக்கனுக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்), அதில எத்தினையை அந்தரத்தில நிப்பாட்டுறது எண்டதில உதை இயக்கின சக் ஜோன்ஸ் விண்ணன். கூடினா இழுவை, குறைஞ்சா வெறும் விபத்து. விழேக்கையும் கவனியுங்கோ, கமரா மேலயே நிக்கும், ஆள் புள்ளியாகிக் காணாமப் போய், கொஞ்சத்தால அடியில ஒரு குட்டிப் புழுதி எழும்பும். அடிபட்டதைக் காட்டமாட்டாங்கள்.

ஏ9வாசி:
எனக்கு சுரங்கப் பகிடி தான். கயோட்டி பாறையில சுரங்கம் கீறி வைக்கும், ரோட் ரன்னர் விர்ரெண்டு உள்ளுக்க போயிடும், இது பின்னால ஓடினா மூஞ்சை சப்பளிஞ்சிடும். 1949இல வந்த முதல் படத்திலயே உது இருக்கு. கீழ பாத்து விழுறது அதின்ர பிழை எண்டு விடலாம், ஆனா கீறினதுக்கே வழி விடாத சுவர் எண்டா, அநியாயம்!

முறிகண்டிக்கச்சான்:
அது சரி, ரோட் ரன்னரும் அந்தரத்தில நிக்கிறது தானே, அது ஏன் விழுறேல்ல?

பாலைப்பழம்:
புவியீர்ப்பு கயோட்டிக்கு மட்டும் அண்ணை. ரோட் ரன்னர் நிக்கிற விளிம்பை வாளால அறுத்தா, அறுத்த துண்டு அப்பிடியே நிக்க, கயோட்டி நிக்கிற மலை முழுக்க இறங்கும்.

வட்டுவாகல்காத்து:
ஒருத்தரும் ரொம் அன்ட் ஜெரியைச் சொல்லேல்லையே? கதவால பாய்ஞ்சா ரொம்மின்ர உருவத்திலயே ஓட்டை, மீசை மயிர் உட்பட. அது கத்துற கத்தும், அதை உருவாக்கின ரெண்டு பேரில ஒருத்தரான வில்லியம் ஹன்னாவின்ர சொந்தக் குரல். அந்த ஓட்டைக்கு முன்னால உங்கட மலையும் சுரங்கமும் எந்த மூலைக்கு?