சர்வர் போர்டு மாற்றியவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது எது?

இரவுப்பணி

மூணு மாசம் ஆச்சு, இன்னும் தூக்கத்துல வருது. ரெண்டு சாக்கெட் ரேக் சர்வர், எல்ஜிஏ 3647. சிபியு உட்காருற சாக்கெட்டுல, போர்டு பக்கமே மெல்லிசான பின்கள் நிக்கிற வகை. பழைய போர்டு பவரே எடுக்கலை. மாத்துப் போர்டு வந்துச்சு, ராத்திரி 1 மணிக்கு உட்கார்ந்தேன். ரைசர், ஃபேன், கேபிள், ரேம் எல்லாம் பத்திரமா கழண்டு வந்துச்சு. முதல் சிபியு ஒழுங்கா உட்கார்ந்துச்சு. ரெண்டாவதை ஹீட்சிங்கோட (சூடு தணிக்கிற உலோகக் கட்டி) இறக்கும்போது ஒரு மூலை முன்னாடியே பட்டுருச்சு. சத்தமே இல்லை. விரல்ல மட்டும் மணல் நெருடுற மாதிரி இருந்துச்சு.

ஆன் பண்ணினா 384 ஜிபி காட்ட வேண்டிய இடத்துல 352. ஒரு மெமரி சேனலே (சிபியு ரேமோட பேசுற வழி) காணோம். ரேமை மாத்தி மாத்திப் போட்டேன், அதே ஸ்லாட்தான் செத்துக் கிடந்துச்சு. திரும்பக் கழட்டி டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சேன். அத்தனை பின்னும் ஒரே பக்கமா மினுங்குது. ஒரு ஓரத்துல மட்டும், காத்துல சாஞ்ச நெல்லு மாதிரி, நாலஞ்சு பின் இருட்டா கிடக்குது.

ரிப்போர்ட்ல "போர்டு வரும்போதே பின் வளைஞ்சிருந்தது"ன்னு எழுதிட்டேன். ரெண்டு நாள்ல வேற போர்டு வந்துச்சு. யாரும் எதுவும் கேட்கலை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

டி30

நண்பரே, ஹீட்சிங்கோடு சேர்த்து இறக்கியது தப்பே இல்லை, அந்த சாக்கெட்டுக்கு அதுதான் முறை. சாக்கெட்டின் இரு பக்கமும் வழிகாட்டித் தண்டுகள் இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அவை இரண்டும் துளையில் நுழைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையைத் தளர்த்த வேண்டும். நட்டுகளையும் ஹீட்சிங்கில் எழுதியிருக்கும் வரிசைப்படிதான் முடுக்க வேண்டும். என் அனுபவம் சின்னது: ஒருமுறை பெட்டியைப் பிரித்து சாக்கெட் மூடியை எடுத்தபோதே இரண்டு பின் வளைந்திருந்தது. எனவே உங்கள் போர்டும் அப்படியே வந்திருக்கலாம், வீணாக மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

48 இலக்கம்

எங்களுடையது வேறு கதை. போர்டு மாற்றியதில் ஒரு குறையும் இல்லை. ஆன் செய்தோம், நீலத் திரை வந்தது: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அந்தப் பூட்டை வழக்கமாகத் தானே திறந்துவிடும் டிபிஎம் பாதுகாப்பு சிப் பழைய போர்டோடு போய்விட்டது, புதிய சிப்புக்கு இந்த டிஸ்க்கைத் தெரியாது. மீட்புச் சாவி எங்கே? அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரில். டொமைன் கன்ட்ரோலர் எங்கே? இதே சர்வருக்குள் ஒரு விஎம்மாக, அதாவது மென்பொருளில் ஓடும் இன்னொரு சர்வராக.

அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. பணி ஓய்வு பெற்றுப் போன எங்கள் மூத்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பினோம். "பீரோவில் பச்சைக் கோப்பு, கடைசித் தாள்" என்றார். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒருவர் உரக்கப் படிக்க நான் தட்டினேன். ஏழாவது தொகுதியில் ஒரு எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று போட்டேன், ஏற்கவில்லை. ஏழு போட்டேன். அந்தத் தாளை அவர் அச்சிடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

பழுதுமேசை

டி30 சொல்வதை நான் ஏற்கவில்லை. திரும்பி வரும் போர்டுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. "வரும்போதே பழுது" என்று சீட்டு ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் சாக்கெட் ஓரத்தில், சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட், அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. சிபியு ஏறாமல் அங்கே பேஸ்ட் எப்படி வரும்? எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் அந்த ரேகையை நான் மறக்கவில்லை. கை நழுவுவது யாருக்கும் நடக்கும். பொய்க் காரணம் எழுதினால் இல்லாத குறையை நாங்கள் பேக்கிங்கில் நாள்கணக்காகத் தேடுகிறோம். மூடியே இல்லாமல் அனுப்புகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதியதின் மூடியைப் பழையதில் மாட்டி அனுப்புங்கள்.

முன்னெச்சரிக்கை

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பிட்லாக்கரை முதலில் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். சர்வர் உயிரோடு இல்லாவிட்டால் சாவி வேறொரு இடத்தில் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டிஸ்க்குகளைத் தொடவே வேண்டாம். பழைய டிபிஎம் சிப்பைக் கழற்றிப் புதியதில் செருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள், சில தயாரிப்புகளில் அது முதல் போர்டோடு பிணைந்துவிடும். பயாஸில் (போர்டின் தொடக்க அமைப்புகள்) பூட் முறை யூஇஎஃப்ஐயா லெகசியா என்று குறித்து வையுங்கள், புதுப் போர்டு தன் இஷ்டத்துக்கு வரும், டிஸ்க் நன்றாக இருந்தும் "பூட் சாதனம் இல்லை" என்று பயமுறுத்தும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலரும் போர்டோடு மாறினால் டிஸ்க்குகளை "அந்நிய அமைப்பு" என்று காட்டும். அங்கே இறக்குமதி, அழிப்பு என்று இரண்டு வழி இருக்கும், தூக்கக் கலக்கத்தில் அழிப்பைத் தொட்டுவிடாதீர்கள். சீரியல் எண்ணைப் புதிய போர்டில் பதிய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த பழுதுக்கு உங்கள் சர்வரை ஆதரவுப் பிரிவே அடையாளம் காணாது. பவர் கேபிள்களை உருவிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையைச் சேசிஸில் மாட்டுங்கள். கேபிள்களைப் படம் எடுங்கள். என் அனுபவம் என்று கேட்டால், இதில் படம் எடுப்பதைத் தவிர எதையும் செய்யாமல் ஒரு இரவு முழுக்க அழிப்பு பட்டனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

எத்2

நெட்வொர்க்கை யாருமே சொல்லலையே. பழைய லினக்ஸ் சர்வர். போர்டு மாறினதும் நெட்வொர்க் போர்ட்டோட மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்) மாறிருச்சு, போர்ட் பேரு எத்0, எத்1 போய் எத்2, எத்3 ஆயிருச்சு. லாகின் திரை அழகா நிக்குது, பிங் போகலை. ஸ்விட்சையும் கேபிளையும் மூணு மணி நேரம் திட்டினேன். போர்ட்டுக்குப் பேர் வைக்கிற யூடெவ் விதிக் கோப்புல பழைய முகவரி ரெண்டு வரியா உட்கார்ந்திருந்துச்சு.

இரவுப்பணி

டி30 அண்ணே, ஆறுதலுக்கு நன்றி. ஆனா மூடியை எடுத்தப்பவே நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு சாக்கெட்டையும் பார்த்தேன். எல்லாப் பின்னும் மினுங்குச்சு.